நட்டநடுவில் ஒரு நாற்காலி

மேசைக்கு அடியில் மண்டியிட்டு, நாற்காலியின் முன்காலுக்கும் தரை டைல்ஸின் கோட்டுக்கும் நடுவே ஸ்டீல் ஸ்கேலை வைத்து, அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது நாத்தனார் உள்ளே வந்துவிட்டாள். கதவைத் தட்டிவிட்டு வரும் பழக்கம் அவளுக்கு எப்போதுமே கிடையாது. தம்பி வீடு என்றால் தன் வீடு, அவ்வளவுதான்.

“என்ன தேடுற?”

“தோட்டுத் திருகாணி விழுந்துடுச்சு அண்ணி.”

“திருகாணி தேடுறவ ஸ்கேலை வெச்சா தேடுவா?” என்று கேட்டாளே தவிர, பதிலுக்கு நிற்கவில்லை. பழப்பையை மேசையில் வைத்துவிட்டுத் தம்பியைப் பார்த்து முகமெல்லாம் மலர்ந்தாள். தம்பி செய்தித்தாளை நாலாக மடித்துவிட்டு, “உக்காரலாமே” என்றார். வா என்றும் சொல்லவில்லை, வாங்க என்றும் சொல்லவில்லை. நாத்தனாருக்கு அதுவே தேனாக இனித்தது. முன்பெல்லாம் அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, “இன்னைக்கு யார் வீட்டு வம்பு?” என்று கேட்டு வாயைக் கிளறுகிற தம்பி அவன். “இப்பதான் என் தம்பி மனுஷனா இருக்கான். பேச்சுல ஒரு பதவிசு, முகத்துல ஒரு அமைதி. மாத்திரை குடுத்த டாக்டரம்மா நல்லா இருக்கணும்” என்றாள். மேசைக்கடியிலிருந்து எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்ட அவள் ஸ்கேலை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். திருகாணி கிடைத்துவிட்டது என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள்.

அவள் கல்லூரியில் கணிதம் நடத்துகிறவள். முதுகுக்குப் பின்னால் மாணவர்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் முடிவிலி. தன் பாடத்துக்காக வைத்த பெயர் என்று அவள் பல காலம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தாள். மணி அடித்த பிறகும் வகுப்பை விடமாட்டாள் என்பதற்காக வைத்தது அது. அவள் ஆராய்ச்சி நிலைகொள்ளாத தொடர்வரிசைகளைப் பற்றியது. முடிவே இல்லாமல் நீளும் எண்கள். ஒன்று, பூஜ்யம், ஒன்று, பூஜ்யம் என்று தாவிக்கொண்டே இருக்கும், எங்கேயும் போய்ச் சேராது. அப்படிப்பட்ட அடங்காப்பிடாரியை என்ன செய்வது? ஒவ்வொரு படியிலும் அதுவரை வந்தவற்றுக்குச் சராசரி எடுத்துக்கொண்டே போனால் புதிதாக ஒரு தொடர்வரிசை கிடைக்கும். அது ஆடி ஆடி அடங்கி, கடைசியில் அரையை நெருங்கி நின்றுவிடும். இப்படி ஒரு தொடர்வரிசையை வாங்கிக்கொண்டு இன்னொன்றைத் திருப்பித் தருகிற எண்களின் கட்டத்துக்கு அணி என்று பெயர். கிடையாகவும் நெடுகவும் முடிவில்லாமல் விரிகிற கட்டம். ஓர் அணியால் எவையெல்லாம் அடங்குமோ அவையெல்லாம் சேர்ந்து குடியிருக்கும் இடத்தை ஒரு வெளி என்பார்கள். எந்த வெளிக்குள் எது அடங்கும், எந்த அணி ஒரு வெளியிலிருந்து இன்னொன்றுக்குப் பழுதில்லாமல் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று பார்த்துச் சொல்வதுதான் அவள் பிழைப்பு.

அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். கல்லூரி லிஃப்ட்டைச் சரிசெய்ய வந்த இடத்தில் பழக்கமாகி, இரண்டு வீட்டாரையும் எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். இருவரும் ஒருவரை ஒருவர் நீ என்றுதான் பேசிக்கொள்வார்கள்; அவளுக்குக் கோபமோ பாசமோ மிஞ்சிப்போனால் டேய் என்பாள். நாத்தனார் காதைப் பொத்திக்கொள்வாள். அவன் அவளைக் கூப்பிடுவது ‘கணக்கு’ என்று. அவள் தன் ஆராய்ச்சியை ஒருநாள் அவனுக்கு விளக்கியபோது கடைசி வரை பொறுமையாகக் கேட்டான். “இரு கணக்கு. தரைத்தளத்துக்கும் முதல் மாடிக்கும் நடுவுல லிஃப்ட் நின்னுபோச்சுன்னா எங்க தொழில்ல அதுக்குப் பேரு ரிப்பேர். உங்க தொழில்ல அதுக்குப் பேரு விடையா?” என்றான். அவள் அன்று சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்தார்கள்.

லிஃப்ட் குழிக்குள் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது மேலேயிருந்து ஏதோ அவன் தலையில் விழுந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து பிழைத்து வந்ததே பெரிது என்று எல்லோரும் சொன்னார்கள். வந்த மறுநாள் காலையில் போர்வையை ஓரம் ஒட்டி மடித்து வைத்துவிட்டு, சமையலறை வாசலில் தயங்கி நின்று, “கொஞ்சம் தண்ணி கிடைக்குமாங்க?” என்று கேட்டவர் வேறு ஆள். முகம் அதுதான், குரல் அதுதான், தாடையில் பழைய தழும்பும் இருந்தது. ஆனால் அவளைத் தெரியவில்லை. மேசையில் அவளுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு உட்காரும் வழக்கம் மறந்து, ஜன்னல் பக்கத்துக் கடைசிக்குப் போய் மரியாதையாக உட்கார்ந்துகொண்டார். முகம் கழுவப் போன இடத்தில் கண்ணாடியைப் பார்த்து, வழியில் எதிர்ப்பட்ட ஒருவருக்குச் செய்வதுபோல் லேசாகத் தலையசைத்தார். சாப்பிடும்போது சட்டைக் காலரைத் தொட்டுப் பார்த்துச் சங்கடத்தோடு கேட்டார்: “இந்த வீட்டு ஐயா வெளியூர் போயிருக்காருங்களா? அவர் சட்டையைப் போட்டிருக்கேன். தப்பா நினைக்கமாட்டாரே?”

மறுநாள் காலையில், “ஏ கணக்கு, என் சட்டையை யாரு இப்படி மடிச்சது? நீயா? நடக்கவே நடக்காதே!” என்று கத்திக்கொண்டு எழுந்தவன் அவன்தான். அதற்கடுத்த நாள் மறுபடியும் அந்த விருந்தாளி. அப்படியே ஒருநாள் விட்டு ஒருநாள். இடையில் திடீரென்று வலிப்பு வரும், கை கால் விறைக்கும், வாயில் நுரை தள்ளும். விருந்தாளி கெட்டவர் இல்லை. பாத்திரம் தேய்த்துக் கொடுத்தார். “என்னைத் தேடி ஆளுங்க வருவாங்க. அதுவரைக்கும்தான் உங்களுக்குத் தொந்தரவு” என்று மாலையானால் ஜன்னலைத் திறந்து தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவமாக இருக்கும். புருஷனுக்கோ தனக்கு விடுபட்ட நாட்களைப் பற்றி நாளுக்கு நாள் பயம் கூடிக்கொண்டே போயிற்று. ஒரு காலை அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, “நேத்து நான் எங்க இருந்தேன்? உண்மையைச் சொல்லு” என்றான். இங்கேதான் இருந்தாய் என்றாள். “இல்ல. இங்க இருந்தது நான் இல்ல. அவன் என் டம்ளரைக்கூட வேற மாதிரி கவுத்து வெச்சிருக்கான்” என்றான்.

டாக்டர் இளம் பெண். கனிவாகப் பேசுவாள். “இந்த ஏத்த இறக்கத்தை நிறுத்திடலாம் மேடம். வலிப்பும் நிக்கும். ஒரே மாதிரி இருப்பார். ஆரம்பிக்கலாமா?” என்று கேட்டாள். அவள் யோசிக்கக்கூட இல்லை, சரி என்றாள். வேறு யாராக இருந்தாலும் ஒரே மாதிரி என்றால் யார் மாதிரி என்று கேட்டிருப்பார்கள். அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை, ஏனென்றால் வாழ்நாள் முழுக்க அவள் செய்துவந்ததே அதுதான். ஆடுவதை அடக்குவது நல்லது. அதிலும் நல்ல அணி என்றால், ஏற்கெனவே ஓரிடத்தில் நிற்கிற தொடர்வரிசையை அது இம்மியும் நகர்த்தாது. இதை வகுப்பில் பலகையில் கொட்டை எழுத்தில் எழுதிப்போட்டிருக்கிறாள். அப்படியானால் அவனையும் அது நகர்த்தாது, அவன் இடத்திலேயே கொண்டுவந்து நிறுத்தும் என்று மனத்துக்குள் எப்படியோ முடிச்சுப் போட்டுக்கொண்டாள். முதல் வருஷத்துப் பிள்ளைகள் செய்கிற தப்பு. நிற்கிறதைத்தான் அது நகர்த்தாது. நிற்காததை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதும் அவளுக்குத் தெரியும், தலைகீழாகத் தெரியும். ஒன்றும் பூஜ்யமும் மாறி மாறி வந்தால் அரையில் நிறுத்தும். அரையில் யாரும் எப்போதும் நின்றதில்லை.

மாத்திரை தொடங்கியதும் வலிப்பு நின்றது. முதல் சில நாட்கள் மனுஷன் பலமாக ஆடினார்; பிறகு ஆட்டம் குறைந்தது; பிறகு ஒருவர் வந்து சேர்ந்தார். அவர் அவனும் இல்லை, விருந்தாளியும் இல்லை. அவள் தனக்குள் அவரை நடு ஆள் என்று சொல்லிக்கொண்டாள். நடு ஆள் கத்தமாட்டார், அனுமதியும் கேட்கமாட்டார். “காபி இருக்கா”, “வெளிய போகலாமா”, “தூக்கம் வருது” என்று யாரை நோக்கியும் இல்லாமல் பேசுவார். அவளைக் கணக்கு என்றும் கூப்பிடவில்லை, மேடம் என்றும் கூப்பிடவில்லை. கண்ணாடியைப் பார்க்காமலே தலை வாருவார். வகிடு பிசகாமல் நடுவில் விழும். வேலைக்குப் போக ஆரம்பித்தார். கம்பெனியில் எல்லோருக்கும் அவரைப் பிடித்துப்போயிற்று. இரவில் படுக்கையில் அவளுக்கும் சுவருக்கும் சரிபாதி தூரத்தில் படுத்து, மூச்சுவிடும் சத்தம்கூட ஏறாமல் இறங்காமல் தூங்குவார். அவளுக்கு அவர் மேல் வெறுப்பு இல்லை. பயம் இருந்தது. கட்டின புருஷனைக் கண்டு பயப்படுகிறேன் என்று யாரிடம் போய்ச் சொல்வது? குடிக்கிறாரா, அடிக்கிறாரா என்றுதான் கேட்பார்கள்.

நாற்காலியை அவள் தற்செயலாகத்தான் கவனித்தாள். தரை துடைப்பதற்காக நாற்காலிகளைத் தினமும் சுவரோரம் தள்ளிவிடுவாள். காலையில் நடு ஆள் தன் நாற்காலியைத் தானே இழுத்து வந்து மேசையின் நீளப்பக்கத்தில் போட்டுக்கொள்வார். புருஷனுடைய இடமும் இல்லாமல் விருந்தாளியுடைய இடமும் இல்லாமல் இரண்டுக்கும் நட்டநடு. ஆனால் தினமும் அதே நட்டநடு இல்லை. ஒருநாள் ஒரு விரற்கடை அவள் பக்கம் தள்ளியிருக்கும். மறுநாள் சரியாக நடுவுக்குப் போய்விடும். அதற்கடுத்த நாள் மறுபடி அவள் பக்கம், ஆனால் முந்தியதைவிடக் கொஞ்சம் குறைவாக. இதை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று மனசு அரித்துக்கொண்டே இருந்தது. வகுப்பில் பலகையில் சராசரிகளை எழுதிக்கொண்டிருந்தபோது, பாதியில் சாக்பீஸை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். முடிவிலி மேடம் மணி அடிக்கும் முன்பே வகுப்பை விட்டது அன்றுதான்.

சராசரி எடுத்தால் பழைய எண்கள் அழிந்துபோகும் என்று வெளியாட்கள் நினைப்பார்கள். எல்லா அணிக்கும் திரும்பி வரும் வழி இருக்காது என்பது உண்மைதான். இந்த அணிக்கு இருக்கிறது. நேற்றைய சராசரிக்கும் இன்றையதற்கும் உள்ள சிறு நகர்வை, தொடங்கியதிலிருந்து இன்று எத்தனையாவது நாளோ அதனால் பெருக்கி, நேற்றையதோடு கூட்டினால், இன்று உள்ளே வந்து விழுந்த எண் முழுசாகக் கைக்கு வந்துவிடும். அன்று மாலை ஸ்கேலோடு வீட்டுக்கு வந்து, நாற்காலி அன்று இருந்த இடத்தை அளந்து குறித்துக்கொண்டாள். மறுநாள் அளந்தாள், பெருக்கினாள், கூட்டினாள். விடை மேசையின் இந்தக் கோடியில், அவளுக்குப் பக்கத்தில், அவன் எப்போதும் ஒட்டிக்கொண்டு உட்காரும் இடத்தில் வந்து விழுந்தது. அதற்கு மறுநாள் பார்த்தாள். ஜன்னல் பக்கத்துக் கோடியில் விழுந்தது. இரண்டு பேரும் போய்விடவில்லை. அந்த அமைதியான முகத்துக்கு அடியில் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்துபோய்க்கொண்டுதான் இருந்தார்கள். வெளியே வருவது சராசரி மட்டும்தான்.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரு வேலை கிடைத்தது. நாற்காலி தன் பக்கம் நகர்ந்த நாட்களில் எதிரில் உட்கார்ந்து, “டேய், என் பேனாவை எடுத்தது நீதானே?” என்று வம்புக்கு இழுப்பாள். நடு ஆள் நிதானமாக மென்றுகொண்டிருப்பார். ஆனால் நன்றாகப் பார்த்தால் இடது உதட்டோரம் ஒரு துடிப்பு இருக்கும், ஒரு சிரிப்பின் நூறில் ஒரு பங்கு. அதைப் பெருக்கிக்கொள்ள அவளுக்குத் தெரியும். வயிறு நிறைந்தது போலிருக்கும். நாற்காலி நடுவில் இருந்த நாட்களில் குரலைத் தாழ்த்தி, “உங்க ஆளுங்க சீக்கிரம் வந்துடுவாங்க. கவலைப்படாதீங்க” என்பாள். நடு ஆளின் கண் இமை ஒருதரம் கூடுதலாக மூடித் திறக்கும். அதையும் பெருக்கிக்கொள்வாள். ஒரே ஒரு கஷ்டம், நாட்கள் கூடக் கூட நகர்வு சுருங்கிக்கொண்டே வந்தது. விரற்கடை அளவு இருந்தது கடுகளவாகி, எள்ளளவாகி, ஸ்கேலில் கோடுகளுக்கு நடுவே தேட வேண்டியதாயிற்று. பெருக்க வேண்டிய எண்ணோ பெரிதாகிக்கொண்டே போயிற்று. கண் ஒரு மயிரிழை தவறினால் அந்தத் தவறும் சேர்ந்து பெருகும். அவளுக்குத் தெரியாததில்லை. ஆனாலும் வேறு வழி ஏது?

நாத்தனார் வந்துபோன அன்று மாலை டாக்டரிடம் போனார்கள். டாக்டர் அவர் கையை நீட்டச் சொல்லிப் பார்த்தாள், கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தாள், சந்தோஷப்பட்டாள்.

“ரொம்ப நல்லா இருக்கார் மேடம். இந்த லேசான நடுக்கம் மட்டும்தான் பாக்கி. இதோ, உதட்டுல, இமையில. கொஞ்சம் வீரியமான மாத்திரை தர்றேன். நாளைக்குக் காலைல இருந்து குடுங்க. அதுவும் நின்னுடும்.”

“நின்னுட்டா... திரும்ப வருமா?”

“வராது. அதுக்குத்தானே தர்றோம்.”

“பழசையே குடுத்தா?”

“குடுக்கலாம். ஆனா வலிப்பு திரும்ப வர வாய்ப்பிருக்கு. அடுத்த தடவை வந்தா பிழைப்பாரான்னு என்னால சொல்ல முடியாது” என்றாள் டாக்டர். கனிவாகத்தான் சொன்னாள். நடு ஆள் பக்கத்தில் உட்கார்ந்து சுவரில் மாட்டியிருந்த மூளைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அவன் நாள். கணக்குப்படி நாற்காலி ஓர் எள்ளளவு அவள் பக்கம் வர வேண்டும். புது மாத்திரையை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு அவள் மேசையருகே நின்றாள். வந்தால் கொடுப்பதில்லை என்று முடிவு செய்திருந்தாள். உள்ளே இருக்கிறவனைத் தன் கையாலேயே மூடிவிட முடியாது. வலிப்பு வந்தால் வரட்டும், மடியில் போட்டுக்கொண்டு பார்த்துக்கொள்ளலாம். நடு ஆள் குளித்து, வகிடெடுத்து வந்தார். சுவரோரத்திலிருந்து நாற்காலியை இழுத்து வந்து போட்டார். உட்கார்ந்தார். குனிந்து அளக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. நாற்காலி நடுவைத் தாண்டி, நாலு விரல் அளவு, ஜன்னல் பக்கம் இருந்தது.

ஆனாலும் அளந்தாள். இரண்டு தரம் அளந்தாள். கண்ணின் தவறு என்று சொல்ல இது மயிரிழை இல்லை. கை வழுக்கியிருக்கலாம், நாற்காலிக்கால் டைல்ஸில் சறுக்கியிருக்கலாம் என்று சொல்லிக்கொண்டே மனத்துக்குள் பெருக்க ஆரம்பித்தாள். பெருக்கலை நிறுத்த அவளால் என்றைக்கும் முடிந்ததில்லை. விடை மேசையின் அந்தக் கோடியைத் தாண்டியது. ஜன்னலைத் தாண்டியது. தெருவின் குறுக்கே போய் எதிர்ப்பக்க நடைபாதையில் விழுந்தது. இன்று அவன் நாள். அவன் வீட்டில் இல்லை.

ஜன்னல் கதவைத் திறந்தாள். எதிர் நடைபாதையில் பஸ் ஸ்டாப். காலை நேரத்து வரிசை நீளமாக நின்றது. பள்ளிப் பையும் சாப்பாட்டுப் பையும் குடையுமாக ஒருவர் முதுகை ஒருவர் உரசிக்கொண்டு நின்றார்கள். சரியாக அவள் ஜன்னலுக்கு நேரே மட்டும் வரிசையில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டிருந்தது. முன்னால் இருந்தவர் நகர்ந்து அதை அடைக்கவில்லை. பின்னால் குடையோடு நின்ற பெண்ணும் அடைக்கவில்லை. வெயிலுக்குக் குடையைச் சாய்க்கும்போதுகூட அந்தப் பெண் யார் மேலோ இடித்துவிடாதபடி ஒதுக்கிப் பிடித்தாள். பஸ் வந்தது. வரிசை நகர்ந்தது. அந்த இடைவெளியும் அகலம் குறையாமல் கூடவே நகர்ந்தது. ஒவ்வொருவராக ஏறினார்கள். முன்னால் நின்றவரும் ஏறிவிட்டார். இடைவெளி படிக்கட்டுக்கு நேரே வந்து நின்றது.

“டேய்!” என்று கத்தினாள்.

தொண்டை கிழிகிற கத்தல். வரிசையில் இருந்த அத்தனை ஆண்களும் நிமிர்ந்து பார்த்தார்கள். பஸ்ஸுக்குள்ளிருந்தும் இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன. அவளுக்கு வெட்கமில்லை. “டேய், போகாதடா! ஏறாத! நான் இங்க இருக்கேன், இங்க பாரு!” என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். மாத்திரை உள்ளங்கை ஈரத்தில் பிசுபிசுத்துக் கசிந்தது. பஸ்ஸின் கதவு திறந்தபடியே இருந்தது. படிக்கட்டு காலியாக இருந்தது. குடைக்காரப் பெண் ஏறவில்லை. தன் முன்னால் இருந்த வெற்றிடத்தைப் பார்த்துத் தலையைச் சாய்த்து, ஏறப்போகிறீர்களா இல்லையா என்று கேட்கிற தோரணையில் ஏதோ சொன்னாள். சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்து நின்றாள்.

“யாரைக் கூப்பிட்டது?” என்றார் நடு ஆள், பின்னாலிருந்து. திரும்பிப் பார்க்காமல், மாத்திரைக்காக உள்ளங்கையை விரித்து மேசைமேல் நீட்டி வைத்திருந்தார். உதட்டில் துடிப்பு எதுவும் இல்லை. கீழே டிரைவர் ஹாரன் அடித்தார். குடைக்காரப் பெண் இன்னும் ஏறவில்லை.